வாணமும் வெடியும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் ஆறாவது தளத்தில் அம்மாவின் வீடு இருக்கிறது. பால்கனியில் நின்று வடக்கே பார்த்தால், கரையோரப் புகையிரதப் பாதையும் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிக் கட்டடங்களும் போய் முடியும் இடத்தில் காலிமுகத்திடல் என்ற கடலோரப் புல்வெளிக்கு மேலான வானம் தெரியும். நேர்கோட்டில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். அங்கே 100 மீற்றர் அகலத்துக்கு விரியும் ஒரு வாணம், இங்கே கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதன் பின்னே மறைந்துவிடும். சிறிதென்றாலும் எல்லாம் தெரியும். நிறம் தெரியும், விரிகிற வேகம் தெரியும், எந்தப் பக்கத்துப் பொறி முதலில் அணைகிறது என்பதுகூடத் தெரியும். சத்தம் மட்டும் அந்த நேரத்தில் இருக்காது. அது 17 செக்கன்கள் கழித்து, யாரோ தூரத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல வந்து சேரும்.

வாணவேடிக்கையின் மீது எனக்கு உள்ள ஈடுபாட்டைப் பற்றி எழுத வேண்டுமென்று பல காலமாக நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இந்தப் 17 செக்கன்களில் வந்து நின்றுவிடுவேன். எனவே இம்முறை இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 1986இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். எங்கள் ஊரில் சீனவெடி தீபாவளியைவிடத் தைப்பொங்கலுக்கே உரியது. முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல் வைத்து, பானையில் பால் பொங்கிச் சரியும் அந்தக் கணத்தில் வெடி கொளுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நினைவில் உள்ள பொங்கல்களில் எங்கள் வீட்டுப் பால் வெடியில்லாமலே பொங்கியது. வெடி என்ற சொல்லுக்கு அந்த ஆண்டுகளில் வேறு பொருள் இருந்தது. ஷெல் புறப்படும்போது தொலைவில் கேட்கும் கனத்த ஒலியை ஊரில் ‘குத்துற சத்தம்’ என்பார்கள். அது கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். எண்ணிக்கை நீளும்போது என்ன செய்வது, சட்டென்று நின்றால் என்ன செய்வது என்பதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரோடும் நாங்களும் இடம்பெயர்ந்தோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். வந்த அந்த டிசெம்பர் 31 நள்ளிரவில் வெள்ளவத்தை முழுவதும் வெடி கொளுத்தியபோது, அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். “மோனை, குத்துற சத்தமெல்லே இது?” என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

அவர் கேட்டது தவறான கேள்வி அல்ல என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புரிந்துகொண்டேன். ஆகாயத்தில் விரியும் பெரிய வாணங்கள் எல்லாம் ஒரு குழாயின் அடியிலிருந்துதான் எறியப்படுகின்றன. குழாய்க்குள் முதலில் கருமருந்து, அதன்மேல் வாணக்குண்டு. கருமருந்து பற்றியதும் பிறக்கும் வாயு குண்டை மேலே தள்ளும்போது, நெஞ்சில் இடிப்பதுபோல் ஒரு தாழ்ந்த ஒலி எழும். மோட்டார் எறிகணையும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். இரண்டும் புறப்படும்போது காதுக்கு உறவினர்கள். பிரிந்துபோவது அதற்குப் பிறகு வரும் நான்கைந்து செக்கன்களில்தான். குண்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் காலத்திரி உள்ளே எரிந்து சென்று, ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கவிருக்கும் உச்சியில் நடுமருந்தைப் பற்றவைக்கும். உறை கிழிந்து, உள்ளே அடுக்கிவைத்த மணிமருந்து உருண்டைகள் ஒவ்வொன்றும் எரிந்தபடி எல்லாத் திசையிலும் ஓடும். சிவகாசியில் ‘மணிமருந்து’ என்று சொல்லும் அந்த உருண்டைகள்தான் நாம் பார்க்கும் பூவின் இதழ்கள். அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்கினார்களோ அந்த ஒழுங்கே வானத்தில் பெரிதாகித் தெரிகிறது. ஒரு தொழிலாளி எங்கோ ஒரு மேசையில் குனிந்திருந்து அரை உருண்டைக் கூட்டுக்குள் ஒரு வட்டமாக வைத்த வரிசை, சில மாதங்கள் கழித்து ஒரு நகரத்தின்மேல் 100 மீற்றர் அகலத்துக்கு விரிகிறது. இதை முதன்முதலில் உணர்ந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

அந்த நாள் 2010ஆம் ஆண்டின் கடைசி நாள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், போர் முடிந்ததென்று கொழும்புத் தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் சாளரங்களைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தோம், வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. அதனால் அலுவலகத்தில் உடன் வேலைசெய்த நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள நண்பர் காலிமுகத்திடலுக்கு வரச் சொன்னபோது, நான் பல காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அந்த நள்ளிரவில் புல்வெளியில் நின்று, குத்துற சத்தம் கேட்டதும் என் தோள்கள் தாமாகவே ஒடுங்கின. எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தலைக்கு மேலே பொன்னிறமாக ஒன்று விரிந்து, அணையாமல், கீழே கீழே வடிந்து, கடலைத் தொடுவதுபோல் வந்து மறைந்தது. நான் அழுதுவிட்டேன். நண்பர் ஒன்றும் கேட்கவில்லை.

கிம்புலாபிட்டியவைப் பற்றி முதலில் சொன்னவர் அவர்தான். நீர்கொழும்புக்கு அருகே, கட்டானைப் பகுதியில் உள்ள அந்த ஊர், இந்த நாட்டின் வெடித் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கே பெரிய ஆலைகளைவிட வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளே கண்ணில் படும். நண்பரின் உறவினர் வீடொன்றுக்கு நாங்கள் இருவரும் ஒரு பெப்ரவரியில் போனோம். புத்தாண்டுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே வேலை உச்சத்தில் இருந்தது. முற்றத்தின் ஒரு மூலையில், மருந்து வைத்திருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பெண்கள் நான்கு பேர் வெறும் தாள்குழல்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பயிற்சிக்கொப்பித் தாளை ஓர் இரும்புக் கம்பியில் சுற்றி, விளிம்பில் பசை தடவி, உள்ளங்கையால் ஒருமுறை உருட்டிக் கம்பியை இழுத்தால் ஒரு குழல். ஒரு குழலில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய பெருக்கல் கணக்கும், அதன்மேல் ஆசிரியர் சிவப்பு மையால் இட்ட சரி அடையாளமும் தெரிந்தன. வெடித்த பிறகு தெருவில் கிடக்கும் தாள்துண்டுகளை அதற்குப் பிறகு நான் குனிந்து பார்க்காமல் கடந்து சென்றதில்லை.

அந்த வீட்டுக்காரர் எங்களை மருந்தறைக்குள் விடவில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றி, கைகளை நனைத்துவிட்டே போனார். “அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை கிடையாது” என்று சிங்களத்தில் சொன்னார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஊரிலும் சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் ‘உராய்வு’ என்ற சொல் தவறாமல் வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒருவருடைய கையோ உயிரோ இருக்கிறது என்பதை மறந்துவிட்டு வாணத்தை ரசிப்பது எனக்கு முடியாத காரியம்.

2011இல் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாணம் பார்க்கப் போகத் தொடங்கினோம். இப்போது பத்தொன்பது பேர் இருக்கிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கும் இரு மாணவிகள், மருதானையில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒருவர் என்று பலவிதமானவர்கள். ஒன்றுகூட்டி வைத்திருப்பது என் பொறுப்பு. எந்த நாளில் எங்கே வாணம் விடுகிறார்கள் என்று விசாரிப்பது, எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று முடிவுசெய்வது, பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதவைப்பது, இவையே அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி.

இடத்தைத் தெரிவுசெய்வதில் முக்கியமானது காற்று. வாணத்துக்கு மழையைவிடப் பெரிய பகை அதன் சொந்தப் புகை. டிசெம்பர் இறுதியில் கொழும்பில் இரவுக் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி, வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே காலிமுகத்திடலில் பழைய பாராளுமன்றக் கட்டடம் இருக்கும் வடமுனைப் பக்கமாக, வீதியை ஒட்டி நிற்பவருக்குப் புகை விலகிப் போகும். தென்புறத்தில் நிற்பவர் முதல் மூன்று நிமிடங்களுக்குப் பிறகு மினுங்கும் மேகங்களை மட்டும் பார்ப்பார். ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில் நிலைமை வேறு. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் காற்று அசையாது, ஈரம் கனத்து நிற்கும், மாலையில் இடிமழை வரும். விட்ட புகை விட்ட இடத்திலேயே தொங்கும். அதனால் ஏப்ரலில் நாங்கள் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். சுபநேரத்தில் அடுப்பு மூட்டும்போது நகரம் முழுவதும் ஒரே கணத்தில் சரம் கொளுத்தப்படுவதை ஓர் உயரமான மாடியில் நின்று கேட்டால், மழை தொலைவிலிருந்து ஓட்டுக் கூரைகளின்மேல் நடந்து வருவதுபோல் இருக்கும். சிங்களப் பஞ்சாங்கம் சொல்லும் நேரமும், நம்மவரின் வாக்கிய, திருக்கணித பஞ்சாங்கங்கள் சொல்லும் நேரங்களும் ஒன்றுக்கொன்று சிறிது விலகும் ஆண்டுகளில், வெள்ளவத்தையில் நின்றால் அந்த வித்தியாசம் காதிலேயே விழும்.

பார்த்ததை எழுதுவதற்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. மணிகள் வால் இல்லாமல் வெறும் புள்ளிகளாக விரிந்து அணைவதையும், ஒவ்வொரு மணியும் பின்னால் ஒரு கீற்றை இழுத்துக்கொண்டு விரிவதையும் ஆங்கில நூல்கள் இரு மலர்களின் பெயரால் பிரிக்கின்றன. இரண்டாவதை நாங்கள் செவ்வந்தி என்றே எழுதினோம். அந்த மலர் நமக்கும் உரியதுதான். முதலாவதுக்கு உரிய மலர் கொழும்பில் யாருக்கும் தெரியாது. கொட்டாஞ்சேனை ஐயா அதற்கு ‘கடம்பு’ என்று பெயர் வைத்தார். உருண்டையாக, எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் மெல்லிய குச்சிகளோடு நிற்கும் கடம்பம்பூவைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். 2010இல் என்னை அழவைத்தது போன்று பொன்னிறமாக நெடுநேரம் வடிவதை ‘தென்னம்பாளை’ என்கிறோம். இந்தப் பெயர்களை வைத்த பிறகு எங்கள் கண்களும் கூர்மையடைந்தன. இதற்கு முன் எல்லாம் வெடியாக இருந்தன.

இந்த இடத்தில் நான் சொல்ல விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். நம் மொழியில் வாணம் என்று ஒரு சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஈர்க்கு வாணம், சக்கர வாணம், பூவாணம் என்றார்கள். கம்பி மத்தாப்பைப் பூந்திரி என்றார்கள். ஜப்பானிய மொழியில் வாணத்துக்குரிய சொல்லான ‘ஹனாபி’ என்பதன் நேர்ப்பொருள் பூ நெருப்பு. நம்முடைய பூவாணமும் பூந்திரியும் அதே கண்ணோடு வைத்த பெயர்களே. ஆனால் நாம் பேச்சில் எல்லாவற்றையும் வெடி என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டோம். கடைக்காரரிடமும் அதைத்தான் கேட்கிறோம். எவ்வளவு சத்தம் வரும் என்றுதான் விசாரிக்கிறோம். பூவுக்காகப் பிறந்த ஒன்றைச் சத்தத்துக்காக வாங்குகிறோம். சத்தத்தால் இவ்வளவு பாடுபட்ட ஒரு சமூகம், ஒளிக்காக வைத்திருந்த சொற்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தை நடத்துவதில் எனக்கு உள்ள நோக்கம்.

ஒளியைப் பார்க்கப் பழகியவர் முதலில் தேடுவது நீலத்தை. சிவப்பு ஸ்ட்ரொன்சியத்திலிருந்து வருகிறது, பச்சை பேரியத்திலிருந்து, செம்மஞ்சள் கல்சியத்திலிருந்து. வெள்ளிப் பொறிகளுக்கு அலுமினியமும் தைத்தானியமும். மஞ்சளுக்குச் சோடியம் போதும். அடுப்புச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் தெரிவதும் அதே மஞ்சள்தான். அது அவ்வளவு வலிய நிறமாகையால், மற்ற நிறக் கலவைகளில் சிறிதளவு சோடியம் கலந்துவிட்டாலே அவற்றை விழுங்கிவிடும். நீலத்துக்குச் செம்பு. நீலத்தைத் தருவது சுவாலைக்குள் உருவாகும் செம்புக் குளோரைட்டு. அது வெப்பம் கூடினால் உடைந்துபோகும். வெப்பத்தைக் குறைத்தால் ஒளி மங்கும். பளிச்சென்று தெரியுமளவுக்குச் சூடு, உடைந்துபோகாத அளவுக்குக் குளிர்ச்சி என்ற இந்த ஒடுங்கிய பாதையில்தான் வாணம் செய்கிறவர் நடக்க வேண்டும். பெரும்பாலான வாணங்களில் நீலம் என்று நமக்குக் கிடைப்பது வெளிறிய ஊதா அல்லது பழுத்த வெள்ளை. எங்கள் குறிப்பேட்டில் ‘நல்ல நீலம்’ என்று பத்தொன்பது பேரும் ஒப்புக்கொண்டு எழுதிய பதிவுகளை விரல்விட்டு எண்ணலாம்.

தென்னம்பாளையின் பொன்னிறமோ இதற்கு நேர்மாறானது. அந்த நிறத்துக்கென்று உலோக உப்பு எதுவும் தேவையில்லை. கரித்தூள் கனன்று எரியும் நிறம் அது. விறகடுப்பின் முன்னே இருந்து ஊதுகுழல் ஊதியவர்கள் எல்லோரும் அந்த நிறத்தைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டில் பொற்றாசியம் குளோரேற்றைப் பயன்படுத்தி நிறங்களைக் கொண்டுவருவதற்கு முன்னர், உலகத்து வாணங்கள் எல்லாம் ஏறத்தாழ இந்தப் பொன்னிறத்திலும் வெண்மையிலும்தான் இருந்தன. எனக்கு இன்றைக்கும் அதுவே போதும் என்று தோன்றும் இரவுகள் உண்டு.

அதே குளோரேற்றுத்தான் எங்கள் கூட்டத்தில் நான் கடுமையாக நடந்துகொள்ளும் ஒரே விடயத்துக்கும் காரணம். ஆண்டுக்கு ஒருவராவது, பெரும்பாலும் பதினெட்டு இருபது வயது இளைஞர், மருந்து கலப்பது எப்படி என்று கேட்டு வருவார். வந்தவுடன் இல்லை என்று சொல்லிவிடுவேன். குளோரேற்றும் கந்தகமும் சேர்ந்த கலவை ஒரு சிறு உராய்வுக்கே பற்றிக்கொள்ளும்; அந்தச் சேர்க்கையை வாணங்களில் பயன்படுத்துவதைப் பிரித்தானியா 1894ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ், உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். கலப்பதில்லை, வாங்கியதைப் பிரித்து மருந்தைக் கொட்டுவதில்லை, பற்றாமல் போனதன் அருகே திரும்பிப் போவதில்லை. இதில் ஒன்றை மீறியவரை நான் திரும்ப அழைப்பதில்லை. ஒருமுறை, எனக்கு மிகவும் பிடித்த ஒரு தம்பி வீட்டில் சீனவெடிகளைப் பிரித்து மருந்து சேர்த்துவைத்திருப்பது தெரிந்து, அவனுடைய தாயாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவனுக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் திகதி அதிகாலை நடந்ததை, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கொல்லம் மாவட்டத்துக் கடற்கரை, நமக்குக் கடலின் அந்தப் பக்கம். கோயில் விழாவில் போட்டிக்கு வாணம் விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பொறி, வாணங்களைக் குவித்துவைத்திருந்த கட்டடத்தில் விழுந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் என்னைப் போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர்கள். எறியும் இடத்துக்கும் சேமிக்கும் இடத்துக்கும், சேமிக்கும் இடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை, எந்த விழாவுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பேன். போதாதென்று தோன்றினால் எங்களவர்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறோம். இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் முறையும் திரும்புவேன்.

வீடுகளில் நடக்கும் காயங்களோ பெரும்பாலும் எவரும் அஞ்சாத பூந்திரியிலிருந்து வருகின்றன. எரியும்போது அதன் நுனி 1000 பாகை செல்சியசைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி நெடுநேரம் சுடும். இருட்டில் அது தெரியாது. என் தங்கையின் மகள் ஒரு தீபாவளி இரவில், தானே கீழே போட்ட கம்பியின்மேல் வெறுங்காலால் மிதித்தாள். பாதத்தின் நடுவே பென்சிலால் கோடிட்டதுபோல் நேரான தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரை வாளித் தண்ணீர் வைத்த பின்னரே முதல் பூந்திரி பற்றவைக்கப்படும். அணைந்த கம்பி வாளிக்குள் விழும்போது எழும் அந்தச் ‘ச்ச்’ என்ற ஒலிக்காகவே பிள்ளைகள் ஓடிவந்து போடுகிறார்கள்.

சிவகாசி ஏன் சிவகாசியில் இருக்கிறது என்பது கொழும்பில் வாழ்பவருக்குத் தோல் வழியாகவே புரியும். மழை குறைந்த, வறண்ட வானம் அது. மருந்து வெயிலில் காயும், தாள் பதமாக இருக்கும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து அங்கே தொடங்கியபோது, அந்த வறட்சியே முதலாக அமைந்தது. இங்கேயோ கடற்காற்றும் ஈரமும். ஒரு மாதம் அலமாரியில் இருந்த வாணத்தின் திரி நமத்துப்போகும். பற்றவைத்தால் சீறும், பிறகு யோசிக்கும், பிறகு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கொழும்பு வீடுகளில் பண்டிகைக்கு முதல்நாள் சுளகில் பரப்பி மொட்டைமாடியில் காயவைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது. காயவைப்பவர்களுக்கு நான் சொல்வது, நேர்வெயிலைவிட நிழலான காற்றோட்டமே போதுமானது, அதைவிடப் பண்டிகைக்கு இரண்டு நாட்கள் முன்னதாக மட்டும் வாங்குவது நல்லது என்பதே.

வெகுதூரத்துக்கு ஆசைப்படும் ஒன்றும் உண்டு. ஜப்பானில் நீகாத்தா மாகாணத்தின் கதகாய் என்னும் சிற்றூரில், ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 9, 10ஆம் திகதிகளில், குறுக்களவு 120 சென்ரிமீற்றரும் எடை 420 கிலோவும் கொண்ட வாணக்குண்டை எறிகிறார்கள். அது ஏறத்தாழ 800 மீற்றர் அகலத்துக்கு விரியும். பிள்ளை பிறந்தது, பெற்றவர் இறந்தது, திருமணம் முடிந்தது என்று ஊரவர்கள் தத்தம் காரணத்துக்காக அந்த விழாவின் வாணங்களைக் கோயிலுக்குக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்தப் பெரிய குண்டு காலிமுகத்திடலில் விரிந்தால், அம்மாவின் பால்கனியிலிருந்து நீட்டிய கைமுட்டிக்குச் சற்றே குறைவாகத் தெரியும். ஒருநாள் கதகாயில் நின்று பார்க்க வேண்டும், அப்பாவின் பெயரில் ஒரு சிறிய வாணமேனும் செலுத்த வேண்டும் என்று பணம் சேர்த்துவருகிறேன்.

அம்மாவைப் பால்கனிக்கு வரவைக்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. டிசெம்பர் 31இல் அது முடியாத காரியம்; அன்று எங்கள் ஒழுங்கையே வெடித்துக்கொண்டிருக்கும், அவர் இன்றும் குளியலறையில்தான் இருப்பார், நானும் அவரோடு இருப்பேன். ஆனால் காலிமுகத்திடலில் வேறு நாட்களிலும் ஏதேனும் விழாவுக்காக வாணம் விடுவார்கள். அப்படி ஒரு சாதாரண இரவில், ஒழுங்கை அமைதியாக இருந்தபோது, சாளரத்துக்கு உள்ளே நின்று பார்க்கும்படி கேட்டேன். முதல் வாணம் சத்தமில்லாமல் விரிந்தது. “எண்ணுங்கோ அம்மா” என்றேன். அவர் எண்ணினார். அந்தப் பழைய வேகத்திலேயே, உதடு அசைய, ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பன்னிரண்டில் என் கையைப் பிடித்தார். பதினேழில் அந்த மெல்லிய தட்டல் வந்தது. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அந்த முதல் இரவில் அவர் ஒவ்வொரு வாணத்துக்கும் எண்ணினார். பல மாதங்கள் கழித்து, எண்ணுவதை எப்போது விட்டார் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். கடந்த ஆண்டு ஓர் இரவில், கையில் தேநீர்க் கோப்பையோடு அவர் எனக்கு முன்பாகவே பால்கனியில் நின்றிருந்தார். தெற்கே ஒரு புகையிரதம் போய்க்கொண்டிருந்தது. வடக்கே, பேரியப் பச்சைக்குள் ஒரு சிறிய நீலக் கடம்பு விரிந்து உடனே மங்கிப்போனது.

“நீலம் வெளிறிப்போச்சு, மோனை. போனமுறை விட்டது இதைவிட வடிவு” என்றார்.

அவர் சொல்லிமுடித்து, கோப்பையைக் கைமாற்றிக்கொண்ட பிறகுதான் அதன் சத்தம் வந்தது.